இரண்டு புற்றுநோய் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் மறதி நோய் போய்விடுமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

கேள்வி | 2025 ஆகஸ்ட் 2

அம்மாவுக்கு 74 வயது. சொன்னதையே திரும்பச் சொல்வது, அடுப்பை அணைக்க மறப்பது என்று ஆரம்பித்தது. அல்சைமர், ஆரம்ப நிலை என்கிறார் நரம்பியல் டாக்டர். நினைவாற்றலுக்கு டோனெபெசில் மாத்திரை கொடுக்கிறார். நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. லெட்ரோசோல், இரினோடெக்கான் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் எலிகளுக்கு நினைவாற்றல் திரும்பியதாம். லெட்ரோசோல் மாத்திரை எங்கள் ஊர் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. அதை மட்டுமாவது ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் | 2025 ஆகஸ்ட் 2, இரவு

வேண்டாம். கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

என் அம்மா லெட்ரோசோல் சாப்பிட்டவர். தினம் ஒன்று, 2.5 மில்லிகிராம், கடைசிவரை. மறதிக்காக இல்லை, மார்பகப் புற்றுநோய்க்காக. அந்தச் சமயத்தில் அவருக்கு அல்சைமரும் இருந்தது. நீங்கள் கொடுத்துப் பார்க்க நினைக்கும் அதே மாத்திரை எங்கள் வீட்டு அலமாரியில் வருடக்கணக்கில் இருந்தது. நினைவு திரும்பவில்லை. ஒருவருக்கு நடந்ததை வைத்து ஒரு மருந்தை எடைபோட முடியாதுதான். ஆனால் அந்த மாத்திரை உடம்பை என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகும் பெண்களின் உடம்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டிருக்கும். அதையும் இது நிறுத்திவிடும். மூட்டு வலிக்கும், எலும்பு தேயும். தடுமாறி நடக்கும் முதியவருக்கு எலும்பு தேய்ந்தால், ஒரு தடவை விழுந்தாலே இடுப்பெலும்பு போய்விடும்.

இரினோடெக்கான் நரம்பில் ஏற்றும் கீமோ மருந்து. முக்கியமாகக் குடல் புற்றுநோய்க்கு. கடுமையான பேதி வரும், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். புற்றுநோய் உள்ளவர் அதைத் தாங்கிக்கொள்வது உயிருக்கு ஆபத்து இருப்பதால். உங்கள் அம்மா அதை ஏன் தாங்க வேண்டும்?

2025 ஆகஸ்ட் 3

ஆய்வைப் பற்றி நேற்று ஒன்றும் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன், ஏனென்றால் அந்தச் செய்தி பொய் இல்லை.

போன மாதம் 'செல்' இதழில் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழுவின் வேலை. அல்சைமர் வந்த மூளைச் செல்களில் எந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன, எவை அடங்கிவிடுகின்றன என்று முதலில் பார்த்தார்கள். அந்த மாற்றத்தைத் திருப்பிப் போடக்கூடிய மருந்து ஏற்கெனவே இருக்கிறதா என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளின் தரவில் தேடினார்கள். அப்புறம், அந்தப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற, 65 வயதைத் தாண்டிய 14 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். வேறு நோய்க்காக அந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் குறைவாக வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதில் மேலே வந்தவற்றில் இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்தார்கள். லெட்ரோசோல் நரம்புச் செல்லுக்கு, இரினோடெக்கான் அதைத் தாங்கி நிற்கும் கிளியா செல்லுக்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் எலிகளுக்கு நினைவு மேம்பட்டது. மூளையில் டௌ புரதக் கட்டிகளும் குறைந்தன.

ஆகவே லெட்ரோசோலை மட்டும் கொடுப்பது அந்த ஆய்வின்படிகூட சரியான முயற்சி இல்லை.

2025 ஆகஸ்ட் 3, மாலை

கீழே ஒருவர் கேட்கிறார்: எலிக்குச் சரியானது மனிதனுக்கு ஏன் சரியாகாது?

ஆகலாம். ஆனால் பெக்ஸரோட்டீன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவும் புற்றுநோய் மருந்துதான், தோலில் வரும் ஒரு வகை லிம்ஃபோமாவுக்கு. 2012 பிப்ரவரியில் கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 'சயன்ஸ்' இதழில் எழுதியது: அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவு மூன்றே நாளில் எலி மூளையில் பாதியாகக் குறைந்தது, நினைவும் திரும்பியது. உலகம் முழுக்கக் குடும்பங்கள் டாக்டர்களைத் தொலைபேசியில் பிடித்து அந்த மாத்திரையைக் கேட்டன. அடுத்த வருடமே வேறு ஆய்வகங்கள் அதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, படிவு குறையவே இல்லை என்று அதே இதழில் எழுதின. மனிதர்களிடம் செய்த சிறிய சோதனையிலும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மட்டும் எகிறியது.

அந்த எலிகளுக்கு அல்சைமர் தானாக வருவதில்லை. மனித மரபணுவைப் புகுத்தி நோய் மாதிரி ஒன்றை உண்டாக்குகிறார்கள். நம் வீட்டில் இருப்பவரோ எழுபது வருடம் வாழ்ந்தவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் அடைப்பு எல்லாம் சேர்ந்த ஒரு மூளை அவருடையது.

2025 ஆகஸ்ட் 6

பெக்ஸரோட்டீனையும் இதையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேனோ என்று இரண்டு நாளாக யோசனை. இரண்டும் வேறுதான். பெக்ஸரோட்டீன் எலியில் தொடங்கிய கதை. இந்த ஆய்வு மனித மூளைத் திசுவில் தொடங்கி, மனிதர்களின் மருத்துவப் பதிவுக்குப் போய், கடைசியில்தான் எலிக்கு வந்தது. அதனால் எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம். முறையான மருத்துவச் சோதனைக்குப் போக வேண்டிய யோசனை இது. போகட்டும். சோதனையில் ரத்தம் பார்ப்பார்கள், பேதி வந்தால் நிறுத்துவார்கள், பக்கத்தில் டாக்டர் இருப்பார். நம் சமையலறையில் அது எதுவும் கிடையாது.

மருத்துவப் பதிவில் இருக்கும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். புற்றுநோய் மருந்து சாப்பிட்டவர்களில் ஒரு பகுதி மறதி வரும் வயதை எட்டும் முன்பே இறந்துபோகிறார்கள். அதனாலேயே அவர்களுக்கு அல்சைமர் குறைவாக வந்ததுபோல் தெரியலாம். இதைக் கணக்கில் கழிக்க ஆய்வாளர்கள் முயல்வார்கள். ஆனாலும் முழுக்கக் கழிப்பது சுலபமில்லை.

2025 ஆகஸ்ட் 10

முள்சீத்தாப்பழமும் அதன் இலைக் கஷாயமும் கொடுத்துப் பாருங்கள், இயற்கைதானே என்று எழுதியவருக்கு. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

"கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமை" என்ற அந்த ஃபார்வர்டு எனக்கும் பலமுறை வந்திருக்கிறது. ஆய்வகத்தில் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களை அதன் சாறு கொல்கிறது என்பது உண்மை. பினாயில் ஊற்றினாலும் சாகும். மனிதர்களுக்குப் புற்றுநோய் குணமானதாக ஒரு ஒழுங்கான சோதனையும் இல்லை.

இந்த இழைக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கரீபியன் தீவான குவாதலூப்பில் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு வகை பார்க்கின்சன் நோய் அளவுக்கு மீறி இருப்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். நடை தடுமாறும், கண் அசைவு கெடும், புத்தியும் மங்கும். 1999-ல் 'லான்செட்' இதழில் அதை எழுதினார்கள். அந்த நோயாளிகள் முள்சீத்தாப்பழத்தையும் அதன் இலைக் கஷாயத்தையும் நிறையச் சாப்பிட்டவர்கள். அதில் உள்ள அனோனாசின் நரம்புச் செல்லுக்கு நஞ்சு என்று பின்னால் வந்த ஆய்வக வேலைகள் காட்டின. அந்த நோய்க்கு அதுதான் காரணம் என்று முடிவாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கு, நரம்பைக் கொல்லுமோ என்ற சந்தேகம் உள்ள கஷாயத்தை "இயற்கைதானே" என்று தினமும் கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

செடியிலிருந்து வந்தால் கெடுதி செய்யாது என்று யாரும் சொல்லாதீர்கள். மேலே சொன்ன இரினோடெக்கான்கூட மரத்திலிருந்து வந்ததுதான். சீனாவில் உள்ள ஒரு மரத்தின் கேம்ப்டோதெசின் அதற்கு மூலம். அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் இருக்கிறது. அதை அப்படியே கொடுத்துப் பார்த்த தொடக்ககாலச் சோதனைகளில் பக்க விளைவு தாங்காமல் கைவிட்டார்கள். அதைத் திருத்தி, அளவு கண்டுபிடித்து, மருந்தாக்கப் பல வருடம் ஆயிற்று.

2025 ஆகஸ்ட் 17

அம்மா கதையை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நீளமாக இருக்கும்.

அம்மா திண்டுக்கல் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். ஊரில் எல்லோருக்கும் நர்சம்மா. ஐஸ் போட்ட தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டவர். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆன பிறகு மறதி வந்தது. பெயர்கள் போயின, சமையல் போயிற்று, நான் யார் என்பதும் சில நாள் போயிற்று. புதன்கிழமை மட்டும் போகவில்லை. எப்படித்தான் தெரியுமோ, அன்று விடிகாலையிலேயே எழுந்து "ஐஸ் வந்துருச்சா?" என்பார். நரம்பியல் டாக்டர் "பிரதமர் யாரும்மா?" என்று கேட்டதற்கு, "யாரா இருந்தா என்ன, ஊசி புதன்கிழமைதான்" என்றார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார், மதிப்பெண் மட்டும் போடவில்லை.

2020-ல் ஒருநாள் குளிப்பாட்டும்போது இடது மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. எலுமிச்சை அளவு. எத்தனை மாதமாக இருந்ததோ. அவருக்கு வலித்ததா என்பதும் தெரியாது. ஊரில் எத்தனையோ பெண்களுக்கு "மாசம் ஒருதடவ தடவிப் பாத்துக்கோ தாயி" என்று சொல்லிக் கொடுத்தவர். தன் உடம்பில் இருப்பதைச் சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை.

பயாப்ஸி எடுத்தோம். ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் உடனே அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் கீமோ என்றார். "ஒண்ணும் செய்யாம விட்டோம்னு நாளைக்கு நாலு பேரு சொல்லக் கூடாது" என்பது அவர் பேச்சு. அது வெறும் நாலு பேருக்குப் பயந்த பேச்சு இல்லை. அம்மாவுக்குச் செய்ய அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. தினமும் கூட இருப்பவருக்கு நூறு சின்ன வேலை இருக்கும், தூரத்தில் இருப்பவருக்கு ஒரு பெரிய முடிவுதான் கைக்கு வரும்.

புற்றுநோய் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். 70 வயதைத் தாண்டிய, இந்த வகைப் புற்றுநோய் உள்ள பெண்களில் அறுவை செய்தவர்களையும் ஹார்மோன் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்ட பழைய ஆய்வுகள் இருக்கின்றன. அறுவை செய்தால் அந்த இடத்தில் கட்டி நன்றாகக் கட்டுப்படும். ஆனால் ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு பக்கம், மறதி நோயாளிக்கு அறுவைக்குப் பிறகு புத்தி கலங்கிப்போகும் ஆபத்து அதிகம். கட்டுத் துணியைப் பிய்த்துப் போடுவார், ஏன் இங்கே வலிக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பயப்படுவார். "கட்டியால சாகப்போறாங்களா, கட்டியோட சாகப்போறாங்களா, அதை யோசிங்க" என்றார் டாக்டர்.

லெட்ரோசோல், கூடவே கால்சியம், வைட்டமின் டி. கட்டி சுருங்கியது, அப்புறம் அப்படியே நின்றது. அம்மா 2023-ல் நிமோனியாவில் போனார்.

உடல்நிலை நன்றாக இருக்கும் 70 வயதுக்காரருக்கு இதே முடிவு தப்பாகப் போகலாம். பத்துப் பதினைந்து வருடம் வாழ வேண்டியவருக்கு அறுவைதான் வழி. எங்கள் கதையைப் பார்த்து யாரும் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 18

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு விஷயம்.

புற்றுநோய் வந்து பிழைத்தவர்களுக்கு அல்சைமர் குறைவாக வருகிறது, அல்சைமர் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் பல பத்தாண்டுகளாக மக்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வில் 2012-ல் வந்த கணக்கு: புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அல்சைமர் அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. செல் அளவுக்கு மீறிப் பெருகுவது ஒரு நோய், செல் அகாலமாகச் சாவது இன்னொரு நோய், ஆகவே ஒன்றுக்கு வழிவிடும் உயிர்வேதியியல் மற்றதைத் தடுக்கலாம் என்கிறார்கள். புற்றுநோய் மருந்தை மறதிக்குத் தேடிப் போவதற்கு இந்த யோசனையும் ஒரு காரணம்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அல்சைமர் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் "குறைவு" என்கிறார்களே, அவர்களுக்கு யார் தேடுகிறார்கள்? என் அம்மாவை மேமோகிராமுக்கு அழைத்துப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவராகவும் சொல்லவில்லை. குளிப்பாட்டும் கை கவனிக்காமல் விட்டிருந்தால் அவர் கணக்கில் "புற்றுநோய் இல்லாத அல்சைமர் நோயாளி" என்றுதான் பதிவாகியிருப்பார். ஆய்வாளர்களும் இந்தக் குறையை அறிவார்கள். அதைத் திருத்திய பிறகும் கொஞ்சம் தொடர்பு மிச்சம் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் வீட்டில் மறதி நோயாளி இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வாரம் ஒருமுறை தலை முதல் கால்வரை உடம்பைப் பாருங்கள். மார்பு, அக்குள், வாய்க்குள் ஈறு, கால்விரல் இடுக்கு, முதுகின் அடிப்பகுதி, மலம் போகும் ஒழுங்கு. அவர் வந்து சொல்ல மாட்டார்.

2025 செப்டம்பர் 1

"அப்பா ராத்திரியெல்லாம் கத்துகிறார், தூக்க மாத்திரை கேட்கலாமா?" என்று புதிதாக வந்தவர் கேட்டிருக்கிறார். முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்.

நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில், மறதி நோயோடு கத்துவது, அடிப்பது, அலைவது என்றிருந்த 352 பேரைச் சேர்த்து ஒரு சோதனை செய்தார்கள். 2011-ல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்கு எட்டு வாரம் படிப்படியான வலி மருந்து, அதிலும் பெரும்பாலானவர்களுக்கு வெறும் பாராசிட்டமால். கலவர நடத்தை சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. மனநோய் மருந்துகளும் இந்தத் தொந்தரவுக்கு ஓரளவுதான் பலன் தருகின்றன. ஆனால் அவற்றால் மறதி நோயுள்ள முதியவர்களின் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது.

வலியை அவர் வாயால் கேட்க முடியாது. அதற்கென்று 'பெய்னட்' என்ற அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடம்பை வைத்திருக்கும் விதம், தேற்றினால் தேறுகிறாரா என்று ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. எங்கள் வீட்டில் அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். அம்மாவுக்குக் கூச்சல் வந்தது புடவை மாற்றும்போது. பிடிவாதம் என்று உறவினர்கள் சொன்னார்கள். கையைத் தூக்கும்போது மட்டும் முகம் சுருங்குவதை என் அண்ணி கவனித்தார். தோள் மூட்டு. முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி, குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு பாராசிட்டமால். கூச்சல் பெரும்பாலும் நின்றது.

2025 செப்டம்பர் 2

பாராசிட்டமால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவு குறைவு. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்தச் சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், சிறுநீர் அடக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினின் போன்றவை மறதியைக் கூட்டும். ஒரு பக்கம் டோனெபெசில் கொடுத்து இன்னொரு பக்கம் இதைக் கொடுத்தால் ஒன்று கட்டுவதை மற்றது இடிக்கும்.

2025 செப்டம்பர் 14

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். ஆனால் அம்மா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் படிக்கக் கேட்டிருப்பார்.

பி.சி.ஜி. நம் எல்லோர் தோளிலும் தழும்பாக இருக்கும் காசநோய்த் தடுப்பூசி. இந்தியாவுக்காக அதைத் தயாரிக்க 1948-ல் சென்னை கிண்டியில் ஆய்வகம் தொடங்கினார்கள். 1968-ல் செங்கல்பட்டுப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற முடிவு உலகத்தையே அதிரவைத்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம்.

அதே பி.சி.ஜி. 1970-களிலிருந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்து. தோலில் போடுவதில்லை, சிறுநீர்ப்பைக்குள் நேராகச் செலுத்துவார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு புற்றுச் செல்லைத் தாக்கும். அந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் குறைவாக வந்திருப்பதை முதலில் இஸ்ரேலிலும் அப்புறம் அமெரிக்காவிலும் கவனித்தார்கள். 2023-ல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வில் அபாயம் 20 சதவீதம் குறைவு. இது பழைய பதிவுகளைப் பார்த்துச் சொன்னது, மருந்தைக் கொடுத்துச் சோதித்தது இல்லை.

இதைவிட உறுதியான சான்று வேல்ஸில் இருந்து. அங்கே 2013 செப்டம்பரில் அக்கி அம்மைத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஒரு விதி வைத்தார்கள்: 1933 செப்டம்பர் 2-ம் தேதி அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான் ஊசி. ஒரு வாரம் முன்னால் பிறந்தவருக்குக் கிடையாது. ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்களுக்குள் வேறு என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது? ஏழு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மறதி நோய் சுமார் 20 சதவீதம் குறைவு. இந்த வருடம் ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தது. பெண்களிடம் பலன் அதிகம். எதனால் என்று இன்னும் தெளிவாகவில்லை.

லெட்ரோசோல் செய்தியைவிட இதுதான் எனக்குப் பெரிய செய்தி. இதற்கு ஏன் ஃபார்வர்டு வரவில்லை?

2025 செப்டம்பர் 20

"அமெரிக்காவில் லெக்கானெமாப் ஊசி 27 சதவீதம் பேரைக் குணமாக்குகிறது" என்று மேலே ஒருவர் எழுதியது தவறு. யாரும் குணமாகவில்லை.

1,795 பேர், 18 மாதம். எல்லோரும் ஆரம்ப நிலையில் இருந்தவர்கள். 18 புள்ளி கொண்ட அளவுகோலில் ஊசி போட்டவர்கள் 1.21 புள்ளி சரிந்தார்கள், போடாதவர்கள் 1.66. சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். சுமார் எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. பலருக்கு அறிகுறி இல்லை, சிலருக்கு ஆபத்தானது. அந்தச் சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள். இடையிடையே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

ஆனாலும் இதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் இல்லை. அமிலாய்டை அகற்றினால் நோய் கொஞ்சமாவது மெதுவாகும் என்று பெரிய சோதனை காட்டியிருக்கிறது. ஆரம்ப நிலையில் ஒருவர் தன் பேத்தியின் பெயரை இன்னும் சில மாதம் கூடுதலாகச் சொல்ல முடிந்தால் அந்த வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு இது இல்லை. அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வீட்டை அடமானம் வைத்துவிட்டு நிற்பார்கள்.

2025 அக்டோபர் 5

பார்த்துக்கொள்பவர்களைப் பற்றி இவ்வளவு தூரத்தில் ஒருவரும் எழுதவில்லை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய மதிப்பீடு சொல்கிறது. 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அத்தனை பேருக்கும் பின்னால் ஒரு மகளோ மருமகளோ மனைவியோ தூங்காமல் இருக்கிறார். பகல்நேரப் பராமரிப்பு மையம் பெரிய நகரத்தில் கிடைக்கும், சின்ன ஊரில் தேட வேண்டும். நான் வேலையை விட்டேன். அண்ணி பள்ளி விடுமுறைக்கெல்லாம் வந்து தங்கினார். அண்ணனோடு எனக்கு ஒரு காலத்தில் பேச்சே இல்லை. அப்புறம் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: மாதம் ஒரு ஞாயிறு முழுக்க நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள், நான் வீட்டில் இருக்க மாட்டேன். முதல் ஞாயிறு சாயங்காலம் நான் திரும்பியபோது அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு மூணு மணியில இருந்து சொல்றாங்க. இதுதான வீடுன்னு சொன்னா அழுறாங்க" என்றார். அதற்குப் பிறகு அறுவை சிகிச்சை பற்றி அவர் பேசவில்லை.

அந்த நேரத்தில் "இதுதான் வீடு" என்று வாதாடாதீர்கள். "போகலாம்மா, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொன்னால் பெரும்பாலும் காப்பியோடு மறந்துவிடும். சாயங்காலம் ஆவதற்குள் விளக்கைப் போட்டுவிடுங்கள்.

பணக் காரியம்: அம்மா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே வங்கிக் கணக்கை இருவர் பெயரில் மாற்றிவிடுங்கள். புத்தி தெளிவு போன பிறகு பவர் பத்திரம் செல்லாது, முன்பு எழுதியதும் பொதுவாகச் செல்லாமல் போகும். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை எடுப்பார், அஞ்சலகத்தில் கேளுங்கள். மனசு தாங்காதபோது டெலி மானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567. சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மறதி நோய்ப் பிரிவு இருக்கிறது.

2025 அக்டோபர் 12

கேள்வி கேட்டவர் இன்று எழுதியதைப் பார்த்தேன். மூன்று நாளாக அம்மா திடீரென்று ஆளே மாறிவிட்டார், சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார், நோய் முற்றிவிட்டதோ என்று பயந்திருக்கிறீர்கள்.

அல்சைமர் மூன்று நாளில் முற்றாது. இது வேறு. நாளைக்குக் காத்திருக்காமல் இன்றே அழைத்துப் போங்கள். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, எதுவும் காரணமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் சோடியத்தை அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். சமீபத்தில் தலையில் அடிபட விழுந்தாரா என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். மூளைக்கு வெளியே மெதுவாக ரத்தம் கசிந்து சேர்வது முதியவர்களுக்குச் சாதாரணம், ஸ்கேனில் தெரியும். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை.

வைட்டமின் பி12, தைராய்டு இரண்டும் ஆரம்பத்தில் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவே இல்லை. காது சரியாகக் கேட்கிறதா என்பதும். அதை அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் அள்ளிப் போட்டு எடுத்துப் போங்கள், கஷாயப் பொடி இருந்தால் அதையும். லெட்ரோசோல் வாங்கிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. ராத்திரி எந்த நேரமானாலும் இங்கே எழுதுங்கள், விழித்துத்தான் இருப்பேன்.